உப்பும் உயர் அழுத்தமும்: பால் புரத ஜெல் ஏன் ஒருமுறை உறைகிறது, மறுமுறை நீராகிறது?

#1 கூழ்மவாசி

உயர் அழுத்தத்தால் பால் புரதத்தை ஜெல்லாக (நீரைப் பிடித்து வைக்கும் கெட்டி வலையாக) உறைய வைக்கப் பார்க்கிறேன். இரண்டு தனித்தனி அமைப்புகள், இரண்டிலும் சிக்கல்.

முதலாவது: மிசெலார் கேசீன் பொடியை (பாலின் முதன்மைப் புரதமான கேசீன், மிசெல் என்னும் நுண்திரள்களாகவே இருப்பது) நீரில் 10 % புரதம் வரும்படி கரைத்தது. பி.எச். 6.8. கால்சியம் குளோரைடு 10 மில்லிமோலார் (லிட்டருக்கு 10 மில்லிமோல்) சேர்த்தது, சேர்க்காதது என இரு வகை. 450 மெகாபாஸ்கல், 15 நிமிடம், தொடக்க வெப்பநிலை 20 °செ. ஒரே செய்முறையில் சில பைகள் கத்தியால் வெட்டும் அளவுக்கு உறைகின்றன. சில பைகள் கெட்டியான பாகு போல ஒழுகுகின்றன. கால்சியம் சேர்த்ததற்கும் உறைந்ததற்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை.

இரண்டாவது: வே புரதத் தனிப்பொடி (கேசீன் நீங்கிய பால்நீரில் உள்ள புரதம்), 12 % புரதம், பி.எச். 7, 600 மெகாபாஸ்கல், 20 நிமிடம். உறைகிறது, ஆனால் வெட்டியதும் தட்டில் நீர் தேங்குகிறது. அதே கரைசலை 80 °செ-இல் 30 நிமிடம் சூடாக்கினால் நீர் விடாத, இழுவையுள்ள ஜெல் வருகிறது.

படிப்பவற்றில் பாதி "கால்சியம் ஜெல்லைக் கட்டும்" என்கிறது, மீதி "கால்சியத்தைப் பிடித்து நீக்கினால்தான் அழுத்தம் வேலை செய்யும்" என்கிறது. எது சரி? உப்பு முன்பா, அழுத்தம் முன்பா?

#2 கால்சியம்_கணக்கு

இரண்டும் சரி, ஆனால் வெவ்வேறு நொடிகளுக்குச் சரி. அதைச் சொல்லும் முன் பாலில் கால்சியம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இந்தக் கணக்கு இல்லாமல் உப்பு சேர்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு சேர்ப்பதுதான்.

சாதாரணப் பசும்பாலில் மொத்தக் கால்சியம் ஏறத்தாழ 30 மில்லிமோலார். அதில் மூன்றில் இரண்டு பங்கு மிசெலுக்குள், கால்சியம் பாஸ்பேட் நுண்துகள்களாகவும், கேசீன் சங்கிலியில் பாஸ்பேட் ஏந்திய பாஸ்போசெரீன் தொகுதிகளில் ஒட்டியும் இருக்கிறது. மீதி 10 மில்லிமோலார் கரைந்த நிலையில். அதிலும் பெரும்பகுதி சிட்ரேட்டோடு கட்டுண்டது. தனித்துத் திரியும் கால்சியம் அயனி வெறும் 2 மில்லிமோலார் அளவுதான். இந்த மூன்று இருப்புகளும் ஒன்றுக்கொன்று சமநிலையில் உள்ளன. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் நகரும்.

இப்போது உங்கள் 10 % கரைசல். பாலில் லிட்டருக்கு 26 கிராம் கேசீனுக்கு 20 மில்லிமோல் மிசெல் கால்சியம் என்றால், கிராமுக்கு 0.77 மில்லிமோல். 100 கிராம் கேசீன் உள்ள லிட்டரில் 77 மில்லிமோல் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் சேர்த்த 10 மில்லிமோல் அந்த இருப்போடு பார்த்தால் 13 சதவீதம். ஆனால் தனி அயனி அளவோடு பார்த்தால் பல மடங்கு. ஆக "10 மில்லிமோலார்" என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. பாலில் 10 சேர்ப்பதும் 10 % கேசீனில் 10 சேர்ப்பதும் ஒன்றல்ல. உப்பின் அளவை லிட்டருக்கு மட்டும் எழுதாமல் கிராம் கேசீனுக்கு எவ்வளவு என்றும் எழுதுங்கள்.

கால்சியம் குளோரைடு சேர்க்கும்போது பி.எச். இறங்கும். கால்சியம், கரைந்திருக்கும் ஹைட்ரஜன் பாஸ்பேட்டோடு சேர்ந்து வீழ்படிவாகும்போது ஹைட்ரஜன் அயனி வெளியேறுகிறது. "கால்சியம் சேர்த்தது", "சேர்க்காதது" என்று நீங்கள் ஒப்பிடும் இரண்டும் உண்மையில் பி.எச்.-இலும் வேறுபடும். சேர்த்து, ஒரு மணி நேரம் விட்டு, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடால் 6.8-க்குத் திருப்பி, மறுபடி ஒரு மணி நேரம் கழித்து அளந்து பார்த்துவிட்டுத்தான் பையில் அடைக்க வேண்டும்.

பைக்குப் பை மாறுவதற்கு முதலில் நான் சந்தேகிப்பது அழுத்தத்தை அல்ல, கரைத்த விதத்தை. மிசெலார் கேசீன் பொடி மெதுவாகத்தான் நீரேறும். கண்ணுக்குக் கரைந்தது போல் தெரிந்தாலும் துகளின் நடு இன்னும் உலர்ந்தே இருக்கும். 50 °செ நீரில் சில மணி நேரம் கலக்கி, இரவு முழுவதும் 4 °செ-இல் வைத்து, மறுநாள் 20 °செ-க்குக் கொண்டுவந்து குறைந்தது இரண்டு மணி நேரம் நிலைப்படுத்துங்கள். குளிரில் பீட்டா கேசீனும் (கேசீன் வகைகளில் ஒன்று) கொஞ்சம் கால்சியம் பாஸ்பேட்டும் மிசெலை விட்டு வெளியே வரும். திரும்ப உள்ளே போக நேரம் வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பையை நேரே அழுத்தக் கலனில் போட்டால் அது வேறு ஒரு பொருள்.

இன்னொன்று: வெறும் நீரில் கரைக்காதீர்கள். பொடி தயாராகும்போது பாலின் கரைந்த உப்புகளில் பெரும்பகுதி கழுவப்பட்டுப் போய்விடுகிறது. வெறும் நீரில் போட்டால் மிசெல் தன் உள் இருப்பிலிருந்து கால்சியத்தை வெளியே விட்டுச் சமநிலையைத் தேடும். 1962-இல் ஜென்னஸும் கூப்ஸும் தந்த, பால் வடிநீரை ஒத்த உப்புக் கரைசல் இதற்குத்தான் இன்றும் பயன்படுகிறது. அல்லது பாலை நுண்வடிகட்டும்போது கிடைக்கும் வடிநீரையே பயன்படுத்துங்கள்.

#3 அழுத்தக்கலன்

கரைசலைப் பற்றி மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் கலனின் பங்கும் சிறியதல்ல. கூழ்மவாசி, அழுத்தத்தை எவ்வளவு வேகத்தில் இறக்கினீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. கேசீன் அழுத்த ஜெல்லில் தீர்மானிக்கும் எண்களில் அதுவும் ஒன்று.

என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். அழுத்தம், மொத்தக் கன அளவு குறையும் பக்கமாக எந்தச் சமநிலையையும் தள்ளும். நீரில் தனித்து நிற்கும் அயனி தன்னைச் சுற்றிய நீர் மூலக்கூறுகளை இறுக்கி அடுக்கிக்கொள்ளும், கன அளவு குறையும். ஆகவே அழுத்தத்தில் உப்புப் பாலங்கள் உடைந்து அயனிகளாகப் பிரிகின்றன, கால்சியம் பாஸ்பேட் கரைகிறது, நீர்வெறுப்புப் பிணைப்புகள் (நீரை விரும்பாத பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டுவது) தளர்கின்றன. மிசெலைக் கட்டி வைத்திருக்கும் இரண்டு பிடிகளும் ஒரே நேரத்தில் விடுகின்றன. 200 மெகாபாஸ்கல் வரை பெரும்பாலும் மீளும் மாற்றம். 250 வாக்கில் நீண்ட நேரம் வைத்தால் மிசெல் கொத்தாகச் சேர்ந்து சராசரி அளவு கூடும். 300-ஐத் தாண்டினால் சிதறும். பாலில் 400 மெகாபாஸ்கலுக்குப் பிறகு வெளியே எடுத்து அளந்தால் சராசரி விட்டம் ஏறத்தாழ பாதி.

ஒளிபுகும் சன்னல் உள்ள கலனில் கொழுப்பு நீக்கிய பாலை வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். அழுத்தம் ஏற ஏற வெண்மை மங்கி, மஞ்சள் கலந்த தெளிவுக்கு வரும், பின்னால் உள்ள வெளிச்சம் ஊடுருவும். அழுத்தத்தை இறக்கும்போது மறுபடி வெண்மை படரும், ஆனால் பழைய வெண்மை முழுதாகத் திரும்பாது.

அந்த வெண்மை படரும் நேரம்தான் ஜெல் உருவாகும் நேரம். மேலே அழுத்தத்தில் இருப்பது பிரிந்த கேசீனும் கரைந்த கால்சியமும். இறக்கும்போது கால்சியம் பாஸ்பேட் மறுபடி வீழ்படிவாக முயல்கிறது, நீர்வெறுப்புப் பிணைப்புகள் திரும்புகின்றன. மெதுவாக இறக்கினால் துணுக்குகள் ஒன்றையொன்று தேடிப் பெரிய கொத்தாகவும், செறிவு போதுமென்றால் வலையாகவும் கட்டிக்கொள்ள நேரம் கிடைக்கும். வால்வைத் திறந்து சில நொடிகளில் பூஜ்யத்துக்கு வந்தால் ஒவ்வொரு துணுக்கும் தன் அருகில் உள்ளதோடு மட்டும் சேர்ந்து சிறு துகளாக நின்றுவிடும். உங்கள் பாகு அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். நிமிடத்துக்கு 20 முதல் 30 மெகாபாஸ்கல் என்ற அளவில் இறக்கி, நொடிகளில் இறக்கியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே நாளில், ஒரே கரைசலில்.

அடுத்து வெப்பம். நீர் அதிகமுள்ள பொருளை அழுத்தினால் ஒவ்வொரு 100 மெகாபாஸ்கலுக்கும் ஏறத்தாழ 3 °செ ஏறும். 20-இல் தொடங்கி 450-க்குப் போனால் 33 °செ வாக்கில் நிற்கும். 15 நிமிடத்தில் அந்தச் சூடு கலனின் எஃகுச் சுவருக்குப் போய்விட்டால், வேகமாக இறக்கும்போது பொருள் தொடக்க வெப்பநிலைக்கும் கீழே குளிரும், 10 °செ-க்குக் கூட வரலாம். நீர்வெறுப்புப் பிணைப்பு குளிரில் பலவீனம். ஆகவே சுவரை ஒட்டிய பை பாகாகவும் நடுவில் இருந்த பை ஜெல்லாகவும் வருவது ஆச்சரியமில்லை. எந்தப் பை எந்த இடத்தில் இருந்தது என்று எண்ணிட்டு வையுங்கள். கலன் உறையின் வெப்பநிலையையும் ஓட்டத்தோடு பதிவு செய்யுங்கள்.

பையில் காற்று இருக்கக் கூடாது. காற்று மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாகச் சுருங்கும், பையின் ஒட்டில் மடிப்பு விழும், அழுத்த நீர் உள்ளே கசியும். கசிந்த பை ஓரத்தில் நீர்த்துப் போய், அதையும் "உறையவில்லை" என்று எழுதிவிடுவோம். அடைக்கும் முன்னும் எடுத்த பின்னும் எடை போடுங்கள், அரை கிராம் கூடினாலும் அந்தப் பையை விலக்குங்கள்.

#4 கூழ்மவாசி

இறக்கியது வேகமாகத்தான், வால்வை முழுதாகத் திறந்து. பை இருந்த இடத்தையும் குறிக்கவில்லை. அந்த இரண்டும் புரிந்தது.

ஆனால் கால்சியம் விஷயத்தில் முரண் இன்னும் நிற்கிறது. அழுத்தம் கால்சியம் பாஸ்பேட்டைக் கரைத்தால்தான் மிசெல் பிரியும், பிரிந்தால்தான் வலை கட்டும். நான் கால்சியம் சேர்ப்பது அந்தக் கரைவையே தடுப்பதாகாதா?

#5 கால்சியம்_கணக்கு

தடுக்கும். அதைத்தான் "வெவ்வேறு நொடிகள்" என்றேன்.

அழுத்தம் ஏறும் நொடியில் கால்சியம் மிசெலுக்குக் காவல். கூடுதல் கால்சியம் இருந்தால் கரைவுச் சமநிலை திடப் பக்கம் சாயும், அதே சிதைவுக்கு இன்னும் உயர்ந்த அழுத்தம் வேண்டும். இறங்கும் நொடியில் அதே கால்சியம் கட்டும் ஆள். பிரிந்த துணுக்குகளுக்கு இடையே பாலம் போட அது தேவை. ஆகவே 250-300 மெகாபாஸ்கலில் கால்சியம் சேர்த்தால் பெரும்பாலும் இழப்பு, மிசெல் பிரியவே இல்லை. மிசெல் முழுதும் பிரியும் அளவுக்கு அழுத்தம் உயரும்போதுதான் சேர்த்த கால்சியத்துக்குக் கட்டும் வேலை வாய்க்கிறது. உங்கள் 450 இரண்டுக்கும் நடுவில், விளிம்பில் நிற்கிறது. அங்கே சிறு வேறுபாடும் பெரிதாகத் தெரியும். அழுத்தத்தை 600-க்கு ஏற்றியும் ஒரு வரிசை செய்யுங்கள்.

கால்சியத்தைப் பிடிக்கும் உப்புகளுக்கும் இதே தர்க்கம், தலைகீழாக. டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் லிட்டருக்கு 2.94 கிராம் போட்டால் 10 மில்லிமோலார். அது மிசெலிலிருந்து கொஞ்சம் கால்சியத்தை உருவி, மிசெலைத் தளர்த்தி, குறைந்த அழுத்தத்திலேயே பிரிய வைக்கும். அளவை மீறினால் பால் அழுத்தம் இல்லாமலேயே கண்ணாடி போலத் தெளியும், இறக்கும்போது பாலம் போட ஆளில்லை, ஜெல்லும் இல்லை. அமிலத்தால் உறையும் தயிர் வகை ஜெல்லில் இந்த வளைவு தெளிவாகக் காணக் கிடைக்கிறது: 10 முதல் 20 மில்லிமோலார் சிட்ரேட் ஜெல்லை இறுக்கும், 40-இல் ஜெல் தளர்ந்துவிடும். கொஞ்சம் தளர்த்தினால் கேசீன் தன்னை மறு அடுக்கு செய்ய வசதி, முழுக்க அவிழ்த்தால் கட்டவே ஆளில்லை. பாலில் கண்ட இந்த எண்களை 10 % கேசீனுக்கு அப்படியே எடுக்காமல், கேசீன் கிராமுக்கு மாற்றிப் போடுங்கள்.

சோடியம் குளோரைடு வேறு ரகம். அது கால்சியத்தைப் பிடிப்பதில்லை. அயனி வலிமையைக் கூட்டி, மிசெலில் ஒட்டிய கால்சியத்தில் ஒரு பகுதியை இடம்பெயர்த்து, மிசெலை அதிகம் நீரேற வைக்கிறது. பி.எச்.-உம் சற்று இறங்கும். 100 மில்லிமோலார் அளவில் கேசீன் அமைப்பில் அதன் விளைவு மென்மையானது. அதை வைத்துக் கேசீன் அழுத்த ஜெல்லைச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை என்பது என் கருத்து.

#6 உறைகூடம்

ரென்னெட் (பாலாடைக்கட்டிக்காகப் பாலை உறைய வைக்கும் நொதி), அமிலம் ஆகியவற்றால் உறைய வைப்பவர்களுக்கும் இது நேரடியாகப் பொருந்தும். அங்கே அழுத்தம் ஜெல்லை உண்டாக்குவதில்லை, ஜெல்லாகப் போகும் பாலை முன்கூட்டியே மாற்றி வைக்கிறது.

100-200 மெகாபாஸ்கலில் அழுத்திய பால் ரென்னெட்டில் விரைவாக உறையும். அதற்கு மேல் போனால் நேரம் மறுபடி நீளும், ஏனென்றால் இயல்பு குலைந்த பீட்டா லாக்டோகுளோபுலின் (வே புரதங்களில் முதன்மையானது) மிசெலின் மேற்பரப்பில் உள்ள கப்பா கேசீனில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அந்த வே புரதம் வடிநீரில் போகாமல் தயிர்க்கட்டியில் தங்குவதால் கிடைக்கும் கட்டியின் எடை கூடும், ஈரமும் கூடும். அமில ஜெல்லில் 400-600 மெகாபாஸ்கல் அழுத்திய பால் அழுத்தாத பாலை விட உறுதியாக உறையும், நீர் விடுவதும் குறையும். 85 °செ-இல் 30 நிமிடம் சூடாக்கிய பாலுக்கு இணையான திசையில்தான் போகிறது. அழுத்தம் புரதத்தின் டைசல்ஃபைடு பிணைப்புகளை (இரு கந்தக அணுக்களுக்கு இடையிலானவை) உடைத்துப் புதிதாகக் கட்டுவதால் இது நடக்கிறது.

கால்சியம் குளோரைடைப் பற்றி நடைமுறைக் குறிப்பு ஒன்று. பொடியாகத் தூவாதீர்கள். விழுந்த இடத்தில் செறிவு எகிறி, உடனே அரிசி அளவு கட்டிகள் உருவாகும், அவை பிறகு கரையாது. 1 மோலார் கரைசல் செய்து, கலக்கிக்கொண்டே சொட்டு சொட்டாக விடுங்கள். அதில் லிட்டருக்கு 10 மில்லி விட்டால் 10 மில்லிமோலார். புட்டியில் டைஹைட்ரேட்டா நீரற்றதா என்று படியுங்கள்: முதலாவதன் மோலார் நிறை 147, இரண்டாவது 111. மாற்றி எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு வரை பிழை வரும். நீரற்றது திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும், அப்போது எந்தக் கணக்கும் நிற்காது. ரென்னெட் வேலைக்கு லிட்டர் பாலுக்கு 0.1 முதல் 0.2 கிராம் போதும். பாலைச் சூடாக்கும் முன் கால்சியம் சேர்ப்பதும் தவறு. தனி அயனி கூடிய பால் 85 °செ-இல் அடியில் திரிந்துவிடும். சூடாக்கி, ஆற்றி, 32 °செ-க்கு வந்த பின்தான் சேர்க்க வேண்டும்.

#7 வெண்புரதம்

உறைகூடம், ஒரு திருத்தம். இந்த அழுத்தங்களில் சகப்பிணைப்புகள் (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து கட்டும் வலுவான பிணைப்புகள்) உடைவதில்லை, டைசல்ஃபைடும் சேர்த்து. நடப்பது வேறு. பீட்டா லாக்டோகுளோபுலினின் அமினோ அமிலச் சங்கிலியில் 121-ஆம் இடத்தில் ஒரு தனித் தயால் தொகுதி (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) புதைந்து கிடக்கிறது. அழுத்தம் நீரை உள்ளே தள்ளி மூலக்கூறை அவிழ்க்கும்போது அது வெளிப்பட்டு, அருகில் உள்ள டைசல்ஃபைடோடு இடம் மாற்றிக்கொள்கிறது. உடைத்தது அழுத்தம் அல்ல, தயால். வேறுபாடு சொல்லுக்காக அல்ல: பி.எச்.-ஐ 3-க்கு இறக்கினால் தயால் வினைபுரியாது, 600 மெகாபாஸ்கலிலும் அந்தப் புரதம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பி.எச். 7-இல் அதே அழுத்தம் ஜெல் தருகிறது.

இன்னொரு வே புரதமான ஆல்பா லாக்டால்புமினில் தனித் தயால் கிடையாது, நான்கு டைசல்ஃபைடுகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. பாலில் அது 400 மெகாபாஸ்கல் வரை பெரிதாக அசைவதில்லை. பீட்டா லாக்டோகுளோபுலின் 100-ஐத் தாண்டியதுமே அவிழத் தொடங்கும். ஆகவே பொடியில் இந்த இரண்டின் விகிதம் மாறினால் அழுத்த ஜெல்லும் மாறும். சூட்டு ஜெல்லில் இந்த வேறுபாடு இவ்வளவு தெரியாது.

கூழ்மவாசியின் நீர் விடும் ஜெல்லுக்கு வருகிறேன். அழுத்தத்தில் நீர்வெறுப்புப் பிணைப்பு பலவீனம் என்று மேலே சொன்னார்கள். சூட்டில் அவிழ்ந்த சங்கிலிகள் அந்தப் பிணைப்பால் நெருக்கமாகப் படிந்து, கூடவே டைசல்ஃபைடு விழுந்து இறுகும். அழுத்தத்தில் முதல் பாதி இல்லை. வலையின் துளைகள் பெரிதாக, இழைகள் தளர்வாக இருக்கும், அதனால் பிழிந்த துணி போல நீரை விடும். இது உங்கள் தவறல்ல, அழுத்த ஜெல்லின் இயல்பு. புரதத்தை 14-16 %-க்கு ஏற்றுவது, அழுத்த நேரத்தை 30 நிமிடமாக்குவது, எடுத்த பின் 4 °செ-இல் ஒரு நாள் வைத்து டைசல்ஃபைடு பரிமாற்றம் தொடர விடுவது ஆகிய மூன்றும் உதவும். 12 % என்பது இந்த முறையில் கீழ் எல்லைக்கு மிக அருகில்.

உப்பைப் பொறுத்தவரை வே புரதத்தின் கதை கேசீனின் கதை அல்ல. இங்கே பிரிக்க மிசெல் இல்லை. பி.எச். 7-இல் எல்லா மூலக்கூறுகளும் எதிர்மின்னூட்டம் கொண்டு ஒன்றையொன்று தள்ளுகின்றன. உப்பு அந்தத் தள்ளலை மறைக்கிறது. மின்தள்ளல் எட்டும் தூரம் 10 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் 3 நானோமீட்டர், 100-இல் 1, 200-இல் 0.7 அளவு. தள்ளல் நீளமாக இருந்தால் மூலக்கூறுகள் முனையோடு முனை சேர்ந்து மெல்லிய இழைகளாகி, தெளிந்த, வளையும் ஜெல். தள்ளல் குறுகினால் எல்லாப் பக்கமும் ஒட்டி மணிமணியான, வெண்மையான, நீர் விடும் ஜெல். சூட்டு ஜெல்லில் 25-50 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் தெளிவும், 100-200-இல் வெண்மையும் வரும். கடினம் 200 வாக்கில் உச்சம். கால்சியம் குளோரைடில் அதே உச்சம் 10-20 மில்லிமோலாரிலேயே வந்துவிடும், ஏனென்றால் அது தள்ளலை மறைப்பதோடு புரதத்தின் எதிர்மின்னூட்டமுள்ள கார்பாக்சில் தொகுதிகளுக்கு இடையே பாலமும் போடுகிறது.

பொடியிலேயே எவ்வளவு கால்சியம் இருக்கிறது என்று பையின் பகுப்பாய்வுத் தாளைப் பாருங்கள். 100 கிராமில் 0.4 கிராம் என்று இருந்தால், லிட்டருக்கு 130 கிராம் பொடி போடும்போது 0.52 கிராம், அதாவது 13 மில்லிமோலார் ஏற்கெனவே வந்துவிட்டது. "உப்பு சேர்க்காத" ஜெல் என்று எழுதும் பலருடைய ஜெல்லில் இந்த அளவு ஒளிந்திருக்கிறது.

இங்கே வரிசை முக்கியம். வே புரதத்தில் உப்பை முன்பே நிறையப் போட்டால் அவிழும் மூலக்கூறுகள் உடனுக்குடன் பெருங்கொத்தாகி மணிமணியாகும். மாற்று வழி: உப்பில்லாமல் 8-10 % கரைசலை பி.எச். 7-இல் 80 °செ, 30 நிமிடம் சூடாக்கி, 20 °செ-க்கு ஆற்றுங்கள். இன்னும் ஓடும் நிலையில்தான் இருக்கும், ஆனால் உள்ளே நீண்ட திரள்கள் தயார். இப்போது கால்சியம் குளோரைடு 5 முதல் 20 மில்லிமோலாருக்குள் கலந்தால் சூடே இல்லாமல் உறையும். மெல்லிய இழை வலை, நீரைப் பிடித்து வைக்கும். சோடியம் குளோரைடு என்றால் 100-300 வேண்டும்.

#8 தெளிநீர்

சின்னக் கேள்வி. சோடியம் குளோரைடுக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு போட்டால் மாறுமா? மெக்னீசியம்?

#9 வெண்புரதம்

பொட்டாசியம்: அதே மோலார் அளவில் ஏறத்தாழ அதே விளைவு, வேலை செய்வது அயனி வலிமை. மெக்னீசியம் வே புரதத்தில் கால்சியத்தோடு ஒத்த திசையில் போகும். கேசீனில் கால்சியத்துக்கு ஈடாகாது, மெக்னீசியம் பாஸ்பேட் அதைவிட எளிதில் கரைவதால்.

#10 அழுத்தக்கலன்

தாங்கற்கரைசல் (பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். பாஸ்பேட் தாங்கற்கரைசலின் பி.எச். அழுத்தத்தில் இறங்கும், ஒவ்வொரு 100 மெகாபாஸ்கலுக்கும் 0.3 முதல் 0.4 வரை. மேசையில் 7 என்று அளந்தது கலனுக்குள் 6-க்கும் கீழே போய்விடும். இறக்கியதும் பழைய எண் திரும்பிவிடுவதால் மீட்டரில் எதுவும் தெரியாது. டிரிஸ் தாங்கற்கரைசல் அழுத்தத்துக்கு அசையாது, ஆனால் வெப்பநிலைக்கு அசையும். பாஸ்பேட்டில் செய்த வேலையையும் டிரிஸில் செய்த வேலையையும் ஒரே அட்டவணையில் போட்டு "உப்பின் விளைவு" என்று முடிவெடுக்கக் கூடாது. பால் உப்புகளிலும் பாஸ்பேட் நிறைய உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

இதெல்லாம் புதிதல்ல. 1899-இல் ஹைட் பாலைக் கெடாமல் வைக்க அழுத்தினார், 1914-இல் பிரிட்ஜ்மன் முட்டை வெள்ளையை அழுத்தத்தால் மட்டுமே உறைய வைத்தார். சூடு இல்லாமலும் புரதம் உறையும் என்பது நூறு ஆண்டுச் செய்தி. உப்புகளை இதில் கணக்கில் எடுக்கத் தொடங்கியதுதான் பின்னால் வந்தது.

#11 கூழ்மவாசி

அடுத்த சுற்றுக்கு இப்படி நினைக்கிறேன்: வடிநீர் உப்புக் கரைசலில் 10 % கேசீன், பி.எச். 6.8-க்குத் திருத்தியது, கால்சியம் குளோரைடு 0, 10, 20, சிட்ரேட் 10, அழுத்தம் 300, 450, 600, இறக்குவது வேகமாக, மெதுவாக. மொத்தம் 24 கலவைகள். ஜெல்லைப் பிடித்து வைத்திருப்பது எது என்பதை எப்படிச் சோதிப்பது? ரியோமீட்டர் (ஜெல்லின் உறுதியை அளக்கும் கருவி) எண் மட்டும் போதுமா?

#12 கால்சியம்_கணக்கு

ரியோமீட்டர் எவ்வளவு உறுதி என்று சொல்லும், எதனால் உறுதி என்று சொல்லாது. விகாரம் (வடிவ மாற்றம்) 0.5-1 %, அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ், 20 °செ-இல் அளந்தால் ஒப்பிடத் தோதாக இருக்கும். அளக்கும் முன் எல்லாப் பைகளும் ஒரே நேரம், ஒரே வெப்பநிலையில் ஓய்ந்திருக்க வேண்டும்.

பிணைப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி கட்டி கரைப்பு. ஜெல்லை ஒரு சென்டிமீட்டர் கனசதுரமாக வெட்டி நான்கு முகவைகளில் போடுங்கள். முதலில் வெறும் வடிநீர் உப்புக் கரைசல், இது ஒப்பீட்டுக்கு. இரண்டாவதில் கால்சியத்தைப் பிடிக்கும் 50 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. மூன்றாவதில் 6 மோலார் யூரியாவும் 1 % எஸ்.டி.எஸ். என்ற சவர்க்காரமும். நான்காவதில் மூன்றாவதோடு டைசல்ஃபைடை உடைக்கும் 10 மில்லிமோலார் டைதயோத்ரெயிட்டால். மெதுவாக ஆட்டிக்கொண்டு ஓரிரவு விடுங்கள்.

கேசீன் அழுத்த ஜெல் கால்சியத்தால் நிற்கிறது என்றால் இரண்டாவது முகவையில் கட்டியின் மூலைகள் முதலில் மழுங்கும், வெண்மை விளிம்பிலிருந்து உள்நோக்கித் தெளியும், காலையில் கலங்கல் கூட இல்லாமல் மறைந்திருக்கும். மூன்றாவதில் கரைந்தால் நீர்வெறுப்பு, ஹைட்ரஜன் பிணைப்புகள். மூன்றாவதில் வெறுமனே ஊதி, நான்காவதில் மட்டும் கரைந்தால் டைசல்ஃபைடு. வே புரத ஜெல்லில் இந்தக் கடைசி வடிவத்தைத்தான் எதிர்பார்க்க வேண்டும். கரையும் வேகத்தையும் குறியுங்கள், 450-இல் மெதுவாக இறக்கியதும் வேகமாக இறக்கியதும் இரண்டாவது முகவையில் வேறு வேறு நேரம் எடுக்கும்.

24 கலவைகளையும் ஒரே நாளில் முடிக்க முடியாது. எந்த நாள் என்பதையும் ஒரு மாறியாக எண்ணி, ஒவ்வொரு நாளும் "கால்சியம் 0, 450, மெதுவாக" என்ற ஒரே பையைத் திரும்பச் செய்யுங்கள். அது நாளுக்கு நாள் ஆடினால் மற்ற எண்களை இன்னும் நம்ப வேண்டாம்.

#13 வெண்புரதம்

தயால்தான் காரணமா என்று உறுதி செய்ய இன்னொரு வழி: அழுத்தும் முன்பே என்-எத்தில்மலீமைடு 20 மில்லிமோலார் போட்டுத் தயாலை அடைத்துவிடுங்கள். வே புரதம் ஜெல்லாகாமல் நின்றால் விடை கிடைத்துவிட்டது. நச்சுப் பொருள், கையுறையும் புகைப்பெட்டியும் கட்டாயம்.

#14 உறைகூடம்

தயால் திருத்தத்தை ஏற்கிறேன், நன்றி. ஈ.டி.டி.ஏ. முகவையில் ஒன்று கவனிக்க வேண்டும். டைசோடியம் உப்பை நீரில் கரைத்தால் பி.எச். 4.5 வாக்கில் நிற்கும். அது கேசீனின் சமமின் புள்ளியான (நிகர மின்னூட்டம் சுழியாகும் பி.எச்.) 4.6-க்குப் பக்கத்தில். அப்படியே கட்டியைப் போட்டால் கால்சியம் போன பின்னும் அமிலத்தால் இறுகி, கரையாமல் நிற்கும், "கால்சியம் இல்லை" என்று தப்பாக எழுதிவிடுவோம். சோடியம் ஹைட்ராக்சைடால் 7-க்குக் கொண்டுவந்து, கட்டியைப் போட்ட ஒரு மணி நேரம் கழித்தும் பி.எச். அளந்து பாருங்கள். கால்சியத்தைப் பிடிக்கும்போது ஈ.டி.டி.ஏ. ஹைட்ரஜன் அயனியை விடும், எண் மறுபடி இறங்கும்.